குடைக்குள் விழுந்தது

"அலமாக்! அம்மா, இது நம்மளோடது இல்லியே!"

குளுவாங் ஸ்டேஷன் வாசலில் மழை பிடித்துக்கொண்டதும் ஐலீன் குடையை விரித்தாள். உள்ளிருந்து என்னவோ பொத்தென்று காலடியில் விழுந்தது. அட்டையில் சுற்றிய வெள்ளை லேஸ். அரை மணி நேரத்துக்கு முன்னால் சாம்பசிவம் ஜவுளிக்கடையில் அவளும் அம்மா செல்லப்பாக்கியமும் புரட்டிப் புரட்டிப் பார்த்து, விலை கட்டாது என்று வைத்துவிட்டு வந்த அதே லேஸ்.

"சாம்பசிவம் கடையில குடைய மேசை ஓரத்துல மாட்டியிருந்தேம்மா. அந்த அண்ணன் சாமான எடுத்துப் போட்டப்ப உருண்டு உள்ள விழுந்திருக்கு. ஓடிப்போயிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? ரெங்கம் போற ரயிலு வர்ற நேரம். திருப்பிக் கொண்டு போனா திருடின்னுதான் சொல்லுவாங்க. பேசாம பையில போடு." அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கும் ஒரு தடவை இப்படித்தான் குடைக்குள்ள ஒண்ணு வந்து விழுந்துச்சு. யாரு வந்து கேட்டா?"

காற்று வேறு சுழன்று அடித்தது. ஐலீனின் தாவணியைப் பிடித்து நிறுத்தியதே தோளில் குத்தியிருந்த சிவப்புக் கல் மயில் புரூச்தான். போட்டோ பிடித்துக்கொள்ள வந்த நாளாயிற்றே என்று அம்மா காலையில் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் குத்திவிட்டிருந்தாள்.

அவர்கள் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த போர்ட்டர் ஐயாசாமி நிமிர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தவர். ஐலீனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார்; அப்புறம் அம்மாவை.

"பாப்பா சொல்றதுதாங்க சரி," என்றார். "அஞ்சு மணிக்கு முதலாளி வந்து சாமான எண்ணிப் பாப்பாரு. ஒண்ணு குறைஞ்சாலும் கடையில நிக்கிறவருக்கு வேலை போயிடும். வேலை போனாக்கூடப் பரவால்லீங்க. திருடன்னு பேரு வந்துடும். அந்தப் பேர வச்சுக்கிட்டு இந்த ஊர்ல வேற எந்தக் கடையிலயும் நிக்க முடியாது."

ஐலீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் நின்ற ராஜசேகரன் அண்ணன் கொஞ்சமும் சலிக்காமல் அத்தனை லேஸையும் எடுத்துக் காட்டியவர். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தவர்.

"ரயிலு இன்னிக்கு முக்கால் மணி நேரம் லேட்டுங்க. நான் கூட்டிக்கிட்டுப் போயி, கையோட கொண்டாந்து விட்டுடறேன்," என்றார் ஐயாசாமி.

அம்மா முணுமுணுத்தாள். ஆனால் மகள் அதற்குள் மழையில் இறங்கிவிட்டாள்.

ஐயாசாமி ஒரு சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கால்சட்டையெல்லாம் சேறு. இந்த மழையில் ரயிலடியில் நின்றிருந்தால் நாலு மூட்டை கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு இப்படி நனைகிறாரே என்று ஐலீனுக்குச் சங்கடமாக இருந்தது.

"அந்த அண்ணன் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல பாப்பா. பேசினதுகூட இல்ல."

முன்பின் தெரியாத ஒருவருக்காக இவ்வளவு தூரமா! உலகத்தில் இப்படியும் ஒரு மனுஷர் இருக்கிறாரே என்று அவளுக்கு மனம் நிறைந்துபோயிற்று.

கடைக்கு எதிரே அவர் நின்றுகொண்டார். "நீ போ பாப்பா. நான் இங்கயே நிக்கறேன். முந்தானைய நல்லா இழுத்துத் தோளோட போத்திக்க. உள்ள போயி அத விலக்கிடாத."

பெரியவர்களுக்கு எப்போதும் இந்தக் கவலைதான். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே அவள் போர்த்திக்கொண்டாள்.

முதலாளி சாம்பசிவம் அதற்குள் வந்துவிட்டிருந்தார். இறைந்து கிடந்த துணிகளுக்கு நடுவே ராஜசேகரன் கைகட்டி நின்றார். அழாத குறைதான்.

ஐலீன் லேஸை மேசைமேல் வைத்தாள். "இவர் மேல தப்பு இல்லீங்க. என் குடைக்குள்ள விழுந்திருந்துச்சு. எனக்குத் தெரியாது."

"தெரியாதா? எடுத்துக்கிட்டுப் போயிட்டு, பயந்துபோயி கொண்டாறியா? இரு, போலீஸ்காரன வரச் சொல்றேன்."

வாசல் பக்கமிருந்து ஒரு குரல் குறுக்கிட்டது.

"பாப்பா பொய் சொல்லலீங்க முதலாளி. ஸ்டேஷன்ல குடைய விரிச்சப்ப விழுந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

வாசற்படியில் ஐயாசாமி, சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். முதலாளியின் முகம் கடுகடுத்தது.

"நீயா! பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால இதே கடையில வேலைக்கு நின்னுக்கிட்டே என் மயில் புரூச்ச அடிச்சவன், இன்னிக்குச் சாட்சி சொல்ல வந்துட்டியா? நடுவுல ஒத்தச் செவப்புக் கல்லு வச்சது, இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது! இந்தப் படி ஏறக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

ஐயாசாமி தலையைக் குனிந்துகொண்டார். ஐலீன் இருந்த பக்கமே அவர் திரும்பவில்லை.

"சொன்னீங்க முதலாளி. இதோ போயிடறேன். பாப்பாவ மட்டும் விட்டுடுங்க. அதுக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

தோளோடு போர்த்திக்கொள் என்று அவர் எதற்காகச் சொன்னார் என்பது அப்போதுதான் ஐலீனுக்கு உறைத்தது. ஸ்டேஷனில் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னதும் கூடவே உறைத்தது.

போர்த்தியிருந்த முந்தானையை விலக்கினாள். தோளில் இருந்ததைக் கழற்றி, லேஸின் பக்கத்தில் வைத்தாள்.

"முதலாளி, இதுவும் எங்க குடைக்குள்ளதான் விழுந்துச்சு."