கதவுள்ள அறை

ஊரடங்கு நாட்களில் விஞ்ஞானி செண்பகவல்லி, சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்தினாள். வீட்டில் கதவுள்ள ஒரே அறையில் அவள் கணவன் ஆபீஸ் வேலை பார்த்தான்.

"நீ போடும் சத்தத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்பதில்லை" என்று மடிக்கணினி மிக்சியிடம் சீறியது.

"நானாகவா ஓடுகிறேன்? பாதிப் பாடத்தில் சட்னி கேட்கிறவனிடம் போய்ச் சீறு!" என்றது மிக்சி.

அப்போது ஒரு மாணவி அழுதாள். "மேடம், அப்பாவுக்கு மூச்சு வாங்குது. உதடெல்லாம் நீலமாயிருக்கு."

"உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடும்மா! நான் லைன்லயே இருக்கேன்" என்று செண்பகவல்லி கத்தினாள்.

"மெதுவாப் பேசேன், எனக்கு மீட்டிங்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இதையும் பொறுத்துக்கொள்வாளா?" என்று மடிக்கணினி கொதித்தது.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். "எழுந்திருங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் தன் கணினியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தான். கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அவள் அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

சமையலறையில் அவன் அதை வைக்க இடம் தேடி, மிக்சியை ஓரமாகத் தள்ளப் பார்த்தான்.

"கையை எடு" என்றது மிக்சி.