முடிசூட்டு விழாவில் கழுதைக்கு ஓர் இடம்

முடிசூட்டு விழாவில் கழுதையை எங்கே நிறுத்துவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

எதிரே சாய்வு நாற்காலியில் என் மாமனார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார். கண் ஆபரேஷன் ஆனவர். கொஞ்ச நாளைக்குப் படிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அவர் விடாமல் படித்துவரும் ராஜா கதைத் தொடரின் ஆறாம் பாகம் முழுவதையும் நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இது கடைசி அத்தியாயம்.

கிரீடம் இருந்தது. சிம்மாசனம் இருந்தது. கழுதைதான் இல்லை.

அது பாதிப் புத்தகத்திலேயே, தொங்குபாலம் அறுந்து, ஆற்றில் விழுந்து செத்துப்போயிருந்தது.

அதை நான் மாமாவிடம் சொல்லவில்லை.

நான் வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைப்பவள். அரை முழம் கூடுதலாகத் தொங்கினால் கை தானாகக் கத்தரியைத் தேடும். இந்தப் புத்தகமோ தலையணை கனம். ஒரு ராஜா வாசலில் வந்து நின்றால் அவனுடைய முப்பாட்டன் வரை எல்லோரும் ஆஜராகிவிடுவார்கள். பறக்கும் நாகங்களுக்குக்கூட வம்ச வரலாறு உண்டு. எழுதின ஆள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

ஆனால் பித்தான் வைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த இளவரசன் சுரங்கத்திலிருந்து வெளியே வந்தானோ இல்லையோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இந்த வெட்கக்கேட்டை நான் யாரிடமும் சொன்னதில்லை.

படிக்கும்போது முதலில் விருந்து வர்ணனைகளை மட்டும் வெட்டினேன். மாமா ஒன்றும் கேட்கவில்லை. துணிச்சல் வந்து முப்பாட்டன்களையும் வெட்டினேன்.

அப்புறம்தான் அந்தப் பாலம் வந்தது.

மாமா காலமெல்லாம் லாரி ஓட்டியவர். முதல் பாகத்திலிருந்தே அவருக்கு இளவரசனும் ஒரு பொருட்டில்லை, மந்திரவாதியும் ஒரு பொருட்டில்லை. மூட்டை சுமக்கும் மொட்டைவால் என்ற கோவேறு கழுதைதான் உயிர்.

"மத்தவனுங்க எல்லாம் வாளைத் தூக்கிக்கிட்டுச் சும்மா அலையுறானுங்கம்மா. லோடு ஏத்திக்கிட்டுப் போறது அது ஒண்ணுதான்" என்பார்.

அவர் கண் ஏற்கெனவே ஒருமுறை எங்களைப் படுத்தியிருந்தது. ஆபரேஷனுக்குக் குறித்த நாளில் இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பாக வீங்கிக் கிடந்தன. ஏதோ அலர்ஜி என்று டாக்டர் ஒரு வாரம் தள்ளிப் போட்டார். தூசியாகத்தான் இருக்கும் என்று வீட்டில் இருந்த திரைச்சீலை அத்தனையையும் கழற்றி, இடுப்பொடியத் துவைத்துப் போட்டேன். அப்போதுதான் வாங்கியிருந்த ஆறாம் பாகத்தை, குணமான பிறகுதான் தொடுவேன் என்று மாமாவே அலமாரியில் வைத்துவிட்டார்.

அப்படிப்பட்ட கண்ணை, தையல்கூட ஆறாத கண்ணை, ஒரு கழுதைக்காக இவர் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்?

"மொட்டைவால் அடி மேல் அடி வைத்துப் பாலத்தைக் கடந்து, அக்கரையில் நிம்மதியாகப் புல் மேய்ந்தது" என்று வாசித்தேன்.

மாமா நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

அதன் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. துக்கத்தில் இளவரசன் ஓர் அத்தியாயம் முழுக்கப் பட்டினி கிடந்தான். வயிற்றுக்கடுப்பு என்று சமாளித்தேன். கழுதைக்குச் சமாதி கட்டினார்கள். நான் அதைச் சுங்கச்சாவடி ஆக்கினேன். மாமா முகம் சுளித்தார். போர் ஆலோசனையில் கழுதை தலையாட்டியது. பறக்கும் நாகத்தை நெஞ்சிலேயே ஓர் உதை விட்டது. மாமா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அந்த உதையை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

இப்போது முடிசூட்டு விழா. மாமாவின் புதுக் கண்ணாடி, அவர் மடியிலேயே பெட்டிக்குள் இருந்தது. இனிப் படிக்கலாம் என்று நேற்றே டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக்கு இவரே புத்தகத்தைப் புரட்டுவார். நான் வகையாக மாட்டிக்கொள்வேன். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பாலத்தை இவர் தன்னந்தனியாக உட்கார்ந்து படிப்பாரே என்பதுதான் தாங்கவில்லை.

வேறு வழியில்லாமல் கழுதையைச் சிம்மாசனத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினேன். புது ராஜா கிரீடத்தைக் கழற்றி அதன் தலையில் வைத்தான். காது இடித்ததால் திரும்ப எடுத்துக்கொண்டான். முற்றும்.

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். என் மடியில் இருந்த புத்தகத்தை நான் விடவில்லை. அவர் மெதுவாக உருவி எடுத்தார்.

திறக்கவில்லை. எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத மூலையில் தள்ளி வைத்தார்.

"அடுத்த பாகம் வந்தா நீயே படிம்மா" என்றார், என் பக்கம் திரும்பாமல். "போன தடவை மாதிரி, ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தின நாள் உக்காந்து நான் படிச்சுத் தொலைச்சு, கண்ணை வீங்க வெச்சுக்க மாட்டேன்."

அத்தனை திரைச்சீலையையும் நான் வீணாகத் துவைத்திருக்கிறேன்.