சுவரைத் தட்டியவர்

டொக், டொக், டொக்.

சுவர் அதிர்ந்ததும் அவள் செபப் புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். முதல் திருப்பாடலைக்கூட முடித்திருக்கவில்லை.

“ஆரம்பிச்சுட்டானா?” என்றார் கட்டிலில் கிடந்த கணவர். “நீ நிறுத்துற வரைக்கும் விடமாட்டான்.”

“மெதுவாத்தாங்க சொன்னேன்.”

“இன்னும் மெதுவா சொல்லு. வாய்க்குள்ளயே வச்சுக்க. உன் சாமிக்குக் காது நல்லாத்தானே கேக்கும்?”

அவர் பஸ் மெக்கானிக். ஜாக்கி நழுவி, முதுகெலும்பு நொறுங்கி மூன்று வருடம். அவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இந்த மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அன்றிலிருந்து அவளும் இங்கேயே கிடந்தாள். இரண்டு மணிக்கொரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடையில் தையல் மெஷின். படி இறங்கித் தெருவுக்குப் போனாலே ‘எப்ப வருவே, எப்ப வருவே’ என்று போன் வரும். கோயிலுக்குப் போவது நின்றே போயிற்று.

வீட்டுக்கு நற்கருணை அப்பம் கொண்டுவந்த கன்னியர் மடத்துச் சிஸ்டர்தான் அந்தத் தடித்த புத்தகத்தைக் கொடுத்தார். திருப்புகழ்மாலை என்ற செபப் புத்தகம்.

“இது சாமியாருங்களும் நீங்களும் சொல்றதாச்சே, எனக்கு எதுக்கு சிஸ்டர்?”

“யாரும்மா சொன்னது? வீட்டுல இருக்கறவங்களும் சொல்லலாம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நீ கோயிலுக்கு வர முடியலன்னா என்ன, அந்த நேரத்துல எங்களோட சேர்ந்து சொல்றதா நினைச்சுக்க.”

இரண்டு அணியாகப் பிரிந்து, மாறி மாறிச் சொல்லும் செபம் அது. அவளுக்கு எங்கே இரண்டாவது அணி? ஓர் அடியை வாய்விட்டுச் சொல்வாள். அடுத்த அடியைக் கண்ணால் படித்துவிட்டு, அதற்கடுத்ததை மறுபடி வாய்விட்டுச் சொல்வாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பதினைந்து நிமிடம் மட்டும் நாலு சுவரும் கொஞ்சம் தள்ளி நிற்பது போலிருக்கும்.

பக்கத்து வீட்டுக்கு அந்த மனிதர் குடிவந்து இரண்டு மாதம். வந்த புதிதில் ஒருநாள் குப்பைக்கூடையை வெளியே வைக்கும்போது நேருக்கு நேர் நின்றார். அவள் சிரித்தாள். அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. “சரியான தலைக்கனம்” என்று உள்ளே வந்து கணவரிடம் சொன்னாள்.

போன மாதம் கீழ் வீட்டுக்காரர்கள் மெஷின் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னார்கள். அவள் மெஷின் காலுக்கடியில் பழைய போர்வையை மடித்து வைத்தாள். எதற்கு வம்பு என்று செபம் சொல்லும் குரலையும் பாதியாகக் குறைத்தாள். அது போதவில்லை போலிருக்கிறது. அந்த வாரமே பக்கத்து வீட்டுச் சுவர் தட்டப்பட்டது. அவள் இன்னும் குறைத்தாள். தட்டல் கூடியது.

கணவர் கேலி பேசிய அன்று ராத்திரி வீட்டுக்காரம்மாவே போனில் கூப்பிட்டாள்.

“என்னம்மா, பக்கத்து வீட்டுக்காரர் உன்னைப் பத்தி விசாரிச்சாரு. சாயங்காலம் படிக்கறது யாரு, எத்தனை மணி வரைக்கும் படிப்பாங்கன்னு துருவித் துருவிக் கேட்டாரு. அவரே உடம்புக்கு முடியாதவரு. அவர்கிட்ட வம்பு வச்சுக்காத. ஏற்கெனவே கீழ் வீட்டுக்காரங்க என் உயிரை வாங்கறாங்க. இன்னொரு புகார் வந்தா காலி பண்ணச் சொல்றதத் தவிர எனக்கு வேற வழியில்ல.”

காலி பண்ணுவதா? இந்தக் கட்டிலோடு எங்கே போவது?

மறுநாள் ஆறு மணிக்குக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்தாள். கல்லறைக்குள் உட்கார்ந்திருப்பது போல மூச்சு முட்டியது.

டொக், டொக், டொக், டொக், டொக்.

அவளுக்கு அழுகை பொங்கியது. ‘இதுக்கும் கீழ எங்க போறது ஆண்டவரே?’

தட்டல் சட்டென்று நின்றது. அடுத்த நிமிடம் வாசலில் அழைப்பு மணி அடித்தது.

கணவர் முகம் வெளுத்திருந்தது. இத்தனை நாள் கேலி பேசிய வாய் இப்போது கெஞ்சியது. “சண்டை போடாதடி. இனிமே சொல்லவே மாட்டேன்னு சொல்லிடு. என்னைத் தூக்கிக்கிட்டு எங்க போவ நீ?”

“சரிங்க” என்றாள். புத்தகத்தை மூடி அலமாரியில் துணிகளுக்கு அடியில் தள்ளினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அவர்தான். செருப்புகூடப் போடாமல், நிலையை ஒரு கையால் பிடித்தபடி நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தார்.

“மன்னிச்சுக்கங்க ஐயா. உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். இன்னியோட நிறுத்திட்டேன். இனிமே ஒரு சத்தமும் வராது. தயவுசெஞ்சு வீட்டுக்காரம்மாகிட்ட மட்டும்…”

“ஐயோ, நிறுத்திட்டீங்களா?” அவர் ஓரடி முன்னால் வந்தார். காற்றில் துழாவிய கை கதவைத் தொட்டு நின்றது.

“கண்ணு போனதால படிக்க முடியாம, இங்க வந்ததிலேருந்து உங்க குரலைக் கேட்டுத்தாம்மா, அடுத்த அடியை அந்தப் பக்கத்துலேருந்து நான் சொல்லிட்டிருக்கேன், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கன்னுதான் தட்டினேன்!”