தோளில் போட்டு வந்தவர்

"இந்த ஆளை நான் பார்த்ததே இல்ல ஆஞ்சலா!"

மைக்கேல்ராஜ் மகளின் காதில் கிசுகிசுத்தார். ஆஞ்சலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கொஞ்சம் முன்புதான் பென்ஷன் அதிகாரி கையை விரித்திருந்தார்.

"டிஸ்சார்ஜ் புக் ஆடுகோடி வீட்டுல தண்ணி புகுந்தப்ப போச்சுங்கறீங்க. ரெஜிமென்ட் ஆபீஸ்லயும் உங்க பேர் சிக்கல. ஏனு மாடோது, என்ன பண்றது பெரியவரே? கூட இருந்தவர் யாராவது வந்து சாட்சி சொல்லணும்."

"எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டாங்க சார். எழுபத்தொண்ணு சண்டையில ஸ்ட்ரெச்சர் தூக்கினேன். ஸ்ட்ரெச்சர் போக முடியாத இடத்துல தோள்ல போட்டுக்கிட்டு ஓடினேன். இதுக்கு மேல என்னத்தைச் சொல்ல?"

அவர் குரல் உடைந்தபோதுதான் பின்னால் பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் ஊன்றுகோலோடு எழுந்து வந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"நான் சாமிநாதன். ஊர் அத்திபெலே. நானும் அந்தச் சண்டையில இருந்தவன்தான்." அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தார். "என்னைத் தோள்ல போட்டுக் காப்பாத்துனது இவர்தான். எங்கே கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இப்படியும் ஒரு பொய்யா!

மைக்கேல்ராஜ் உண்மையைச் சொல்ல எழுந்தார். ஆஞ்சலா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"சும்மா இருங்கப்பா. நாலு வருஷமா அலையறோம்."

அதிகாரி நெகிழ்ந்துபோய் இருவருக்கும் காபி வரவழைத்தார். ஃபைல் இன்றைக்கே மேலே போகும் என்றார்.

வாசலுக்கு வந்ததும் ஆஞ்சலா சாமிநாதனை மறித்தாள்.

"எவ்வளவுங்க?"

"என்னம்மா எவ்வளவு?"

"உங்க கமிஷன். எங்கப்பாவுக்கு உங்களை யாருன்னே தெரியாது. காசுக்குச் சாட்சி சொல்ல இந்த வாசல்ல ஆளுங்க சுத்தறது எங்களுக்கும் தெரியும்."

சாமிநாதனின் முகம் சுருங்கியது.

"லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வந்தேம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்கு வாய் கூசாம அப்படி ஒரு பொய்?"

அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தானும் சாய்ந்து நின்றார்.

"அன்னிக்கு ரத்தம் வழிஞ்சு எனக்குக் கண்ணே தெரியல. யாரோ தோள்ல போட்டுக்கிட்டு ஓடறது மட்டும் தெரிஞ்சுது. முழிச்சுப் பார்த்தா ஆஸ்பத்திரி. அவர் பேரும் தெரியாது, முகமும் தெரியாது. இத்தனை வருஷமா தேடிக்கிட்டிருக்கேன்."

மைக்கேல்ராஜைப் பார்த்துக் கை கூப்பினார்.

"இவர் இல்லன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?"