தூக்கிக்கொண்டு போக ஒரு லேப்டாப்

கடைக்குள் டெய்லர், டீச்சர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று மூன்று பேர் சேர்ந்தே நுழைந்தார்கள்.

"மியூசிக் போடுற ஒரு தம்பிக்கு லேப்டாப் வேணும். மேடையிலயும் அதை வச்சே வாசிக்கணும்," என்றார் டீச்சர்.

விற்பனையாளர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். டெய்லர் அதைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் லேசா வேணுங்க. தோள்ல மாட்டிக்கிட்டு ஊர் ஊராப் போகணும்."

"சார்ஜ் நாள் முழுக்க நிக்கணும்," என்றார் அதிகாரி.

"கச்சேரி நடுவுல மக்கர் பண்ணக் கூடாது. ஒரு தடவை பேர் கெட்டுப்போச்சுன்னா மறுபடி யாரு கூப்பிடுவாங்க?" என்றார் டீச்சர்.

"இப்ப எதுல வாசிக்கிறாரு?"

"பெரிய கம்ப்யூட்டர். அதை அசைக்க முடியாது. அதனால வீட்டை விட்டு நகர மாட்டேங்கிறாரு."

கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கித் தர மாட்டார்கள். விற்பனையாளருக்கு மனசு இளகிவிட்டது. இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து வைத்தார். மூவரும் சேர்ந்தே பணம் கட்டினார்கள்.

"உங்களை மாதிரி ரசிகர்கள் கிடைக்க அவர் குடுத்து வச்சிருக்கணும். இது நம்ம கடையோட அன்பளிப்பு," என்று ஒரு பெரிய ஸ்பீக்கரைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

மூவரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினார்கள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதை மட்டும் உள்ள வச்சிடுங்க," என்று டெய்லர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் அவருக்குக் கீழ் வீடு. டீச்சர் பக்கத்து வீடு. சார் மேல் வீடு."