உடம்பு தேறட்டும்

அவித்த முட்டை இரண்டையும் உரித்து, உப்புத் தூவி, தம்பியின் முன்னால் வைத்தாள் அக்கா. பக்கத்தில் ஒரு டப்பா மூடியில் மூன்று மாத்திரைகள்.

"முதல்ல சாப்பிடு. வெறும் வயித்துல போட்டா குமட்டும்."

பெயிண்டர் வேலை பார்த்த தம்பி சாப்பிட்டான். சிந்தாமல் சாப்பிட்டான். ஒரு மாதத்துக்கு முன்னால் தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டைக்குத்தான் போகும்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. எந்த நோயாளிக்கு எந்தத் தட்டு என்பது அவளுக்கு மனப்பாடம். இவனுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். காலையில் முட்டை, பத்து மணிக்குப் பால், மதியம் வேகவைத்த பயறும் கீரையும், நாலு மணிக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலை. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டாள். தட்டை எடுக்கவும் மாட்டாள். எதிரில் உட்கார்ந்து, அது காலியாகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

குடி உன் உடம்பிலிருந்த பி-ஒன் வைட்டமினை வழித்துத் துடைத்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் மரத்துப் போனது அதனால்தான். ஞாபகத்தில் ஓட்டை விழுந்ததும் அதனால்தான். ஊசி போட்டாயிற்று. இனி மாத்திரையும் சாப்பாடும்தான். போனதில் கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம்.

ஓட்டைகளில் பெரியது ஒரு சாயங்காலம்.

அன்றைக்கு அக்காவுக்கு வேலை முடியத் தாமதமாகும். அவள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர இவன்தான் வேனை எடுத்துக்கொண்டு போனான். அக்கா வீடு வரும்வரை ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனானாம். ஏழு வயதுக் குழந்தை. வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வேன் தண்ணீர் நின்ற சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. வாண்டு போய்விட்டாள். இவன் பிழைத்துக்கொண்டான்.

இதெல்லாம் போலீசும் டாக்டரும் சொல்லித் தெரிந்தது. கேஸ் நடந்துகொண்டிருந்தது, இவன் ஜாமீனில் இருந்தான். ஆனால் யார் வீட்டிலோ நடந்த கதை மாதிரிதான் இருந்தது. சொந்தமாக அவனிடம் ஒன்றுமே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த அன்று வாசலில் அக்கா நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றுவாள் என்று நினைத்தான். அவள் ஆட்டோவைக் காட்டி, ஏறு என்றாள்.

பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று மாடி வீட்டுக்காரி படியில் நின்று வியந்தாள். எப்படி உன்னால் முடிகிறது என்று அக்காவையே கேட்டாள். அக்கா பால் பாத்திரத்தைப் பிடித்தபடி, "உடம்பு தேறட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த பெயிண்டர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தினமும் காலையில் அவள் அவனிடம் ஒரே கேள்வியைக் கேட்பாள். ஏதாவது ஞாபகம் வந்ததா? டாக்டர் கேட்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வான்.

இன்று அவள் இன்னும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்குப் பாதத்துக்கடியில் ஏதோ தெரிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"அக்கா, தரை சில்லுனு இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சில்லிப்பு கணுக்காலுக்கு ஏறியது. பள்ளத்துத் தண்ணீர். முழங்கால்வரை வந்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

அக்கா அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

ஒன்றுமில்லை என்று தலையாட்டினான்.

"அவ பத்து நிமிஷம் உயிரோட இருந்திருக்கான்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டார்" என்றாள். குரல் ஏறவே இல்லை. "அந்தப் பத்து நிமிஷம் உன்கிட்டதான் இருக்கு. குடுத்துடு."

கொடுத்தான்.

கால் மாட்டிக்கொண்டது மாமா என்று வாண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். இதோ வருகிறேன் என்றான். சீட்டுக்கடியில் பாட்டில் இருந்தது. போலீஸ் கண்ணில் படக்கூடாதே என்று அதை எடுத்துக்கொண்டு சிறு பாலம்வரை நடந்தான். எறியத்தான் கையை ஓங்கினான். பாதிக்கு மேல் இருந்தது. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டான். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் இவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, இதோ வருகிறேன் என்று குரல் கொடுத்தான். கடைசியில் அவள் கூப்பிடவில்லை. அப்போதும் பாட்டிலில் ஒரு வாய் மிச்சம் இருந்தது.

அக்கா மேஜையில் சிதறிக் கிடந்த உப்பை விரலால் ஒதுக்கினாள்.

"என்னைக் கூப்பிட்டாளா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனுக்கும் அது தெரிந்தது. ஆனால் வாண்டுவின் குரல் காதுக்குள் அத்தனை தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"இல்லக்கா. என்னைத்தான் கூப்பிட்டா."

அவள் எழுந்து தட்டை எடுத்தாள். ஒரு முட்டை இன்னும் மிச்சம் இருந்தது. அதையும் மூடியிலிருந்த மாத்திரைகளையும் குப்பைக்கூடையில் தட்டினாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் அலமாரியின் பின்னாலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். ஒரு டம்ளரும் கழுவி வைத்தாள்.

பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்தினாள்.

பெயிண்டர் பேப்பரைப் பிரித்தான். முழுப் பாட்டில், மூடி திருகப்படாதது. அவன் எப்போதும் குடிக்கிற அதே சரக்கு.

கசங்கிய பேப்பரை நீவித் தேதியைப் பார்த்தான். அக்கா அவனை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைய பேப்பர்.