எல்லாம் நல்லா இருக்கு

"சிரிங்க. பல்லு தெரியணும். ஆனா ரொம்பத் தெரியக் கூடாது" என்றார் மேனேஜர்.

உலகப் போட்டிக்கு ஸ்டேடியம் கட்டும் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க, வெளிநாட்டிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வருகிறார்.

அதனால் பன்னிரண்டு பேர் படுக்கும் அறை, காலையிலிருந்து நாலு பேர் அறை. மீதி எட்டுக் கட்டிலும், அதில் படுத்தவர்களும் லாரியில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மூலையில் புதுத் தண்ணீர் மெஷின். விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

அறையில் நிறுத்தி வைத்த நாலு பேரில் ஒருவர், கம்பி கட்டுகிறவர். கான்ட்ராக்ட் முடிந்து ஏழு மாதம். ஊரில் பிறந்த மகள் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். இவர் இன்னும் அவளைப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் மேனேஜரின் பீரோவில்.

கேட்டால், "போட்டி முடியட்டும்ப்பா. நாட்டு மானம் பெருசா, உன் வீடு பெருசா?"

இன்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த அம்மாவின் மொழி தெரிந்த ஒரே ஆள், ஜால்ரா. போன வருஷம் வரை இவர்களோடு செங்கல் தூக்கியவன். இப்போது டை கட்டிக்கொண்டு, மேனேஜர் தும்மினால்கூட, "ஐயாவுக்குத் தும்மல்லயே ஒரு ராகம்" என்பவன்.

"அண்ணே, என்ன கேட்டாலும் 'எல்லாம் நல்லா இருக்கு'. அதோட வாயை மூடிக்கணும்" என்றான் ஜால்ரா.

"நீயும் இதே அறையில படுத்தவன்தானேடா?"

"அதனாலதான்ணே சொல்றேன்."

அந்த அம்மா வந்தார். உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து ஏதோ கேட்டார்.

"இங்க வாழ்க்கை எப்படின்னு கேக்கறாங்க" என்றான் ஜால்ரா.

மேனேஜர் கண்ணை உருட்டினார்.

"எல்லாம் நல்லா இருக்கு" என்றார் கம்பி கட்டுகிறவர். தரையைப் பார்த்துக்கொண்டுதான்.

ஜால்ரா அதை அந்த அம்மாவிடம் சொன்னான். கையை ஆட்டிச் சொன்னான். ஜன்னலைக் காட்டிச் சொன்னான். அந்த அம்மா பக்கம் பக்கமாக எழுதினார்.

மேனேஜருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "மூணே மூணு வார்த்தை. பய எப்படி இழுக்கறான் பாரு. நம்ம புகழ்தான்."

திடீரென்று காதைத் தீட்டினார். "என்னய்யா, பாஸ்போர்ட்டுன்னு ஏதோ விழுந்துச்சே?"

"எல்லாரோடதையும் ஐயா பூட்டிப் பத்திரமா வெச்சிருக்கார்னு சொன்னேங்கய்யா."

"கரெக்ட். காலம் கெட்டுக் கிடக்கு. நல்லா அழுத்திச் சொல்லு."

அழுத்திச் சொன்னான்.

கம்பி கட்டுகிறவருக்கு அவன் டையைப் பிடித்து இறுக்கலாம் போலிருந்தது.

அந்த அம்மா எழுந்து, மேனேஜரை நோக்கிக் கையை நீட்டினார். மேனேஜர் பாய்ந்து போய் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அந்த அம்மா தன் கையை உருவிக்கொண்டு, உள்ளங்கையை மேலே திருப்பி, மறுபடியும் நீட்டினார்.

ஜால்ரா இடுப்பு வளையக் குனிந்தான்.

"கை குலுக்க இல்லீங்கய்யா. பீரோ சாவியைக் கேக்கறாங்க."